கடலோர ஊரில் சமுதாயப் பணி: எந்தச் சிக்கலுக்கு எந்த முறை

சமூகப்பணிப் படிப்பில் ஆறு முறைகள் சொல்லித் தருவார்கள்: தனிநபர்ப் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, சமூக நடவடிக்கை, நல நிர்வாகம், ஆய்வு. சமுதாய அளவிலான பணியை ஜாக் ராத்மன் 1968இல் வட்டார மேம்பாடு, சமூகத் திட்டமிடல், சமூக நடவடிக்கை என்று மூன்றாகப் பிரித்தார். தேர்வுக்கு இவை போதும். ராமநாதபுரம் கரையில், பாம்பனிலோ தொண்டியிலோ வேலையைத் தொடங்குகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு கேள்வி: இந்தச் சிக்கலைத் தீர்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? விடை தெரிந்தால் முறையும் தெரிந்துவிடும்.

அதற்கு முன் நாள் பார்க்க வேண்டும். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடல் பிரிந்திருக்கிறது. நாட்டுப்படகு கடலில் இருக்கும் நாளில் கூட்டம் போட்டால் விசைப்படகுக்காரர்கள் மட்டுமே வருவார்கள்; அவர்கள் சொல்வது ஊரின் கருத்தாகப் பதிவாகிவிடும். கடற்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரமும் ஞாயிறு காலைப் பூசை நேரமும் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆள் சேரும், ஆனால் கையில் காசு இருக்காது. பேசவும் திட்டமிடவும் நல்ல காலம். சந்தா கேட்க மோசமான காலம்.

முதல் வாரத்தில் ஊர்த் தலைவர், ஜமாத் அல்லது தேவாலயப் பங்குப் பேரவை, படகுச் சங்கங்கள், ஊராட்சி எல்லோரையும் தனித்தனியே பார்த்துவிடுங்கள். ஒருவரை விட்டாலும் 'அந்தக் கட்சி ஆள்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது லேசில் போகாது.

அடுத்தது வரைபடம். சாயங்காலம் கடற்கரை மணலில் 15 முதல் 20 பேரை வைத்து, சிப்பி, குச்சி, வலைமிதவை கொண்டு ஊரை வரையச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பெண்கள், நாட்டுப்படகுக்காரர், சொந்தப் படகு இல்லாமல் கூலிக்கும் பங்குக்கும் போகிறவர் என்று மூன்று குழுவுக்கு மூன்று வரைபடம் தேவை. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் படித்த இளைஞர் ஒருவர் குச்சியை வாங்கிக்கொள்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்: பெண்கள் வரைந்ததில் தண்ணீர் பிடிக்கும் இடமும் இருட்டான பாதையும் இருக்கும், ஆண்கள் வரைந்ததில் இறங்குதளமும் ஏலக்கூடமும் இருக்கும். அப்படியே பருவ நாட்காட்டியும் போடுங்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், கச்சான் வீசும் ஆடி ஆவணியில் தென்கடல் (மன்னார் வளைகுடா). எந்த மாதம் கடன் ஏறுகிறது, எப்போது நகை அடகுக்குப் போகிறது என்பது அந்தக் காற்றோடு சேர்ந்தே வரும்.

சிக்கல்களை வரிசைப்படுத்த இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லுங்கள். ஆறு சிக்கலுக்கு 15 ஒப்பீடு. ஆறுக்கு மேல் போகாதீர்கள். எட்டு என்றால் 28, பாதியிலேயே ஆட்கள் எழுந்துவிடுவார்கள்.

இந்தக் கரையில் பல ஊர்களில் முதலிடம் தண்ணீருக்குத்தான். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே மனு எழுதுவதுதான் வழக்கமான தப்பு. முதலில் 14 நாள் குறிப்பு எடுக்க வேண்டும். தலைத் தெரு, நடுத் தெரு, கடைசித் தெரு ஆகிய மூன்றிலும் எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, 15 லிட்டர் குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆனது என்று அந்தத் தெருப் பெண்களே எழுதட்டும். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது பதினெட்டுக் குடத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் அதிகாரி 'வருகிறதே' என்று முடித்துவிட முடியாது.

குறிப்பு மூன்றில் ஒன்றைக் காட்டும். தலைத் தெருவில் நிறைய வந்து கடைசியில் வறண்டால், பெரும்பாலும் யாரோ குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அது ஊருக்குள் தீர வேண்டியது; ஊர்க்கூட்டம், முறை வைத்துத் திறக்கும் ஏற்பாடு, மோட்டாருக்குத் தடை. இங்கே கலெக்டரிடம் போனால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் கொடுத்ததாகும், ஊர் இரண்டுபடும். மேல்நிலைத் தொட்டி நிறைந்தும் திறப்பதில்லை என்றால் அது ஊராட்சியின் பொறுப்பு. கிராம சபைக்குக் கொண்டு போங்கள். தொட்டிக்கே தண்ணீர் வரவில்லை என்றால் குடிநீர் வாரியம். அங்கே பதிவேடும் மனுவும் தொடர் நச்சரிப்பும்தான் வேலை செய்யும். வறண்ட குழாய் ஒன்றுதான், முறை மூன்று.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய், பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகள். மண்டபம், தொண்டி பேரூராட்சிகள். அங்கே கிராம சபை இல்லை, வார்டு உறுப்பினர் வழியாகப் போக வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்ட மனு: கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும்.

குழுப்பணி இந்தப் பக்கம் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக்குழுவாகத்தான் இருக்கும். அது உடையும் இடம் கடன் தவணை. மாதாமாதம் ஒரே தொகை என்று வைத்தால் மே மாதம் எல்லோரும் தவறுவார்கள், வாரவட்டிக்காரர் உள்ளே வந்துவிடுவார். பருவ நாட்காட்டியைப் பார்த்து, மீன்பாடுள்ள மாதங்களில் கூட்டியும் தடைக்காலத்தில் வட்டி மட்டுமாகவும் தவணை போடுங்கள். கணக்கை ஒருவரே இரண்டு ஆண்டு தொடர்ந்து எழுத விடாதீர்கள்.

தனிநபர்ப் பணியில் ரகசியம்தான் கடினம். சின்ன ஊர், சுவருக்கும் காது உண்டு. மனநோயாளி உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். தர்கா ஊரான ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீவிபத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை முழுவதும் தடை செய்கிறது. அதற்காகக் குடும்பத்தாரின் தர்கா நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். துஆ என்ற வேண்டுதலும் தொடரட்டும், மருந்தும் தொடரட்டும் என்று பேசினால் கதவு திறக்கும். 'மூடநம்பிக்கை' என்றால் அடுத்த முறை வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள்.

சமூக நடவடிக்கை, அதாவது ஊர் சேர்ந்து நெருக்குவது, கடைசியாகக் கையிலெடுக்க வேண்டிய முறை. விட்டுக்கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு நட்டம் வரும் இடத்தில் மட்டும் அது தேவைப்படும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவான பின், தீவைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்த பெண்களுக்கும் வனத்துறைக்கும் உள்ள இழுபறி அப்படிப்பட்டது. படிகள்: யார், எங்கே, எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்ற பதிவு, பேச்சுவார்த்தை, எழுத்து மூலம் கோரிக்கை, பத்திரிகை, பிறகே போராட்டம். பாசி வளம் குறையாதபடி தாங்களே வைத்துக்கொண்ட நாள் கட்டுப்பாடு இருந்தால் அதை முதலில் மேசையில் வையுங்கள், பேச்சில் அதுவே பெரிய பலம். மறியல் செய்யலாமா என்பதை வழக்கு யார் மேல் விழுமோ அவர்களே முடிவெடுக்க வேண்டும். பணியாளர் சம்பளத்தோடு ஊர் திரும்பிவிடுவார். வாய்தாவுக்கு ஆண்டுக்கணக்கில் அலைவது அவர்கள்.

வெளியேறும் தேதியைத் தொடக்கத்திலேயே ஊரில் சொல்லிவிடுங்கள். தீர்மான எண்கள், மனு ரசீதுகள், தண்ணீர்க் குறிப்பு, குழுக் கணக்கு ஆகியவற்றை இரண்டு பேர் பொறுப்பில், அதில் ஒருவர் பெண்ணாக, ஒப்படையுங்கள். ஏற்பாடு நிலைத்ததா என்று ஆறு மாதத்தில் பார்ப்பதில் பயனில்லை. வாடையும் கச்சானும் ஒரு சுற்று முடிந்து, நடுவில் ஒரு தடைக்காலமும் போன பிறகு வந்து அதே மூன்று தெருவில் அதே குடத்தை வைத்து அளந்து பாருங்கள்.