எரிந்த காட்டை அளப்பது எப்படி

மாசி பிறந்தால் மேகமலை அடிவாரத்தில் எங்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. தீ அணைந்த மறுநாள் "எவ்வளவு எரிஞ்சது?" என்று கேட்டால் ஒருவர் 50 ஏக்கர் என்பார், இன்னொருவர் 200 என்பார். அடுத்த வருடம் தீ பரவாமல் செடி, புல்லை அகற்றிவிடும் தீத்தடுப்புக் கோடுகளை எங்கே வெட்டுவது என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. அதனால் நான் செண்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளக்கிறேன். படமும் இலவசம், க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளும் இலவசம்.

இந்தப் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, தீக்கு முன் ஒன்று, பின் ஒன்று என மேகமில்லாத இரண்டு எல்2ஏ (காற்று மண்டலத்தின் பாதிப்பை நீக்கிய) படங்களை எடுங்கள். பி8ஏ (அண்மை அகச்சிவப்பு), பி12 (குற்றலை அகச்சிவப்பு) என்ற இரண்டு ஒளிப் பட்டைகள் போதும். 32 பிட் டிஃப் (TIFF) கோப்பாக, யூடிஎம் 43 வடக்கு (UTM 43N) என்ற வரைபட ஆள்கூற்று முறையில் இறக்குங்கள்.

தேதியில்தான் முழு கவனமும் வேண்டும். முதல் வருடம் நான் 'முன்' படமாக டிசம்பரை எடுத்துவிட்டேன். மலையில் பாதி எரிந்ததாகக் காட்டியது. பதறிப்போய் ஏறிப் பார்த்தால் சாம்பலே இல்லை. தேக்கும் வெக்காலியும் இலை உதிர்த்து நின்றன, கணுக்கால் வரை சருகு. எனவே 'முன்' படம் தீக்கு ஒரு வாரம், பத்து நாளுக்குள் இருக்கட்டும். 'பின்' படத்தையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கோடை மழை போதும், புல் துளிர்த்துத் தடயத்தை மூடிவிடும். செண்டினல் 5 நாளுக்கொரு முறை வருவதால் பெரும்பாலும் படம் கிடைத்துவிடும்.

இனி க்யூஜிஐஎஸ்ஸில் படங்களைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டர். ஒவ்வொரு படத்துக்கும் (பி8ஏ - பி12) / (பி8ஏ + பி12). பச்சை இலை பி8ஏ ஒளியை நிறையத் திருப்பும். கருகிய நிலத்தில் அது சரிந்து பி12 கூடும். முன் மதிப்பிலிருந்து பின் மதிப்பைக் கழியுங்கள். 0.27க்கு மேல் வந்தால் ஓரளவு நன்றாகவே எரிந்த இடம். 0.1க்கும் 0.27க்கும் நடுவில் இருப்பதை அப்படியே நம்பாதீர்கள். சருகு மட்டும் எரிந்த தரைத்தீயும் பாறை நிழலும் அங்கே கலந்து கிடக்கும். எரிந்த கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைக்கும்: படத்தின் ஒரு கட்டம் 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆக 25 கட்டம் ஒரு ஹெக்டேர்.

பிறகு அனுமதி வாங்கி, வனக் காவலரோடு எரிந்த ஓரமாக நடந்து, போனில் ஜிபிஎஸ் தடத்தைப் பதியுங்கள். அதைப் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். விலகும் இடத்தில் நடந்த தடத்தையே எடுத்துக்கொண்டு எல்லையைத் திருத்துங்கள்.