விடுபட்ட போர்ப் பதக்கங்களைப் பணிப் பதிவேட்டில் சேர்க்க விண்ணப்பிப்பது எப்படி?

காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்துவிட்டுக் கோபிசெட்டிபாளையம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து, டிஸ்சார்ஜ் புக்கை (பணியிலிருந்து விடுபடும்போது ராணுவம் தரும் பணி விவரப் புத்தகம்) துணிப்பையில் சுற்றிக்கொண்டு வரும் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பென்ஷன், பெயர்த் திருத்தம், மருத்துவ அட்டை என்று பலவற்றுக்காக வருவார்கள். பதக்கத்துக்காக வருபவர்கள் குறைவு, வந்தாலும் தயங்கித் தயங்கித்தான் பேசுவார்கள். பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் 1971-ஆம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் காயம்பட்டவர். "என்ற பேரு ஏட்டுல ஏறவே இல்லீங்க தம்பி, தழும்பு மட்டுந்தான் இருக்குதுங்க" என்றார். அவருக்காகச் செய்த வேலையை மற்றவர்களும் தாங்களாகவே செய்துகொள்ளும்படி இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இது தரைப்படையில் ஜவானாகவோ, சுபேதார் போன்ற ஜேசிஓவாகவோ பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து எழுதியது.

முதல் படி: எந்த வகைப் பதக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீர் சக்கரம், சேனா மெடல் போன்றவை வீரச் செயலுக்காக ஒருவரைக் குறிப்பிட்டு வழங்கப்பட்டு, அரசிதழில் பெயரோடு வெளிவருபவை. அவை இந்த வழியில் கேட்டுப் பெறக்கூடியவை அல்ல. நாம் பேசுவது, ஒரு போரிலோ படை நடவடிக்கையிலோ குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்த அனைவருக்கும் உரிய பதக்கங்களைப் பற்றி. 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் உண்டு. 1971 போருக்குக் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு பரவலாக வழங்கப்பட்ட சங்ராம் மெடல் ஆகியவை உண்டு. 1999 கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் ஆபரேஷன் விஜய் மெடலும், 2001-02-இல் எல்லையில் படைகள் குவிக்கப்பட்டதற்கு ஆபரேஷன் பராக்ரம் மெடலும் இருக்கின்றன. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம் முன்பு வூண்ட் மெடல் எனப்பட்டது, இன்று அதன் பெயர் பராக்ரம் பதக்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீரச்செயல் விருதுகளுக்கு மாதப் படி உண்டு, ஆனால் போரில் பங்கேற்றதற்கான பதக்கங்களுக்குப் பணம் எதுவும் வராது. அரியர்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவர் எவராவது வீட்டுக்கு வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: எது விடுபட்டது என்று பிரித்துப் பாருங்கள்

"மெடல் வரவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சிக்கல்கள் அடங்கியிருக்கலாம். வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள ஷீட் ரோலில் (ஒருவரின் பணி விவர ஏடு) பதக்கம் ஏறியிருந்து, கையில் உள்ள டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம். இரண்டிலும் ஏறியிருந்தும் பதக்கம் என்ற பொருள் கைக்கு வராமல் இருந்திருக்கலாம். அல்லது எந்தப் பதிவிலுமே அது ஏறாமல் போயிருக்கலாம். முதல் இரண்டும் எளியவை, ஒரு கடிதத்தில் முடியக்கூடியவை. மூன்றாவதுக்குத்தான் உழைப்பு தேவை. டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களுக்கென்று உள்ள பகுதியைத் திறந்து, அங்கே இருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விடுபட்டதை நீங்களாகவே பேனாவால் சேர்த்து எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அந்தப் புத்தகம் முழுவதுமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

மூன்றாம் படி: அந்த நாட்களில் எங்கே இருந்தீர்கள் என்று எழுதுங்கள்

எழுத்தராக இருந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வது இது: பதக்கம் கேட்கும் விண்ணப்பம் என்பது, இன்ன தேதியில் இன்ன பிரிவோடு இன்ன இடத்தில் இருந்தேன் என்பதை நிறுவும் விண்ணப்பமே. உங்கள் வீரத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. அதை மறுப்பவர் அங்கே எவரும் இல்லை, அதைச் சரிபார்க்கும் வழியும் அவர்களிடம் இல்லை. தேதியையும் பிரிவையும் சரிபார்க்கத்தான் அவர்களிடம் ஏடு இருக்கிறது.

பதிவு ஏன் விடுபடுகிறது என்று தெரிந்தால் எதை எழுத வேண்டும் என்பது புரியும். ஒரு வீரரின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொன்றும், விடுப்பு, இடமாற்றம், திருமணம், பதவி உயர்வு, பதக்கம் எல்லாமே, அவருடைய யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டர் என்ற எழுத்துப்பூர்வ அறிவிப்பின் வழியாகத்தான் ரெக்கார்ட் ஆபீஸைச் சென்றடையும். போர்ப் பதக்கம் போர் முடிந்த அன்றே வருவதில்லை. அறிவிப்பு வந்து, தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை யூனிட் தயாரிக்கும்போது மாதங்களோ ஆண்டுகளோ கடந்திருக்கும். அந்தப் பட்டியல் எழுதப்பட்ட நாளில் யூனிட்டில் இல்லாதவர்களின் பெயர்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. காயம்பட்டு மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவர், தற்காலிகமாக வேறு பட்டாலியனோடு இணைக்கப்பட்டுப் போர் முழுவதும் அவர்களோடு நின்றவர், போர் முடிந்த கையோடு டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்துவிட்டவர் ஆகியோர்தான் என்னிடம் வந்தவர்களில் பலர். பழைய யூனிட் இவர் போய்விட்டார் என்று விட்டுவிடும், புதிய யூனிட்டோ இவர் அப்போது நம்மோடு இல்லை என்று விட்டுவிடும்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் காலவரிசை ஒன்று தயாரியுங்கள். 1971 போரென்றால் டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 17-ஆம் தேதி மேற்கு முனையில் போர் நின்றது வரை எந்தக் கம்பெனியில், எந்த செக்டாரில், யாருடைய தலைமையில் இருந்தீர்கள் என்பதையும், அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்களில் எங்கிருந்து எங்கே போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். தேதி நினைவில்லையென்றால் கற்பனையாக ஒன்றைப் போடாமல் "டிசம்பர் இரண்டாம் வாரம்" என்று எழுதுங்கள். பெரியவர்களிடம் நேராகத் தேதியைக் கேட்டால் வராது. தீபாவளி வீட்டில் கொண்டாடினீர்களா, தைப் பொங்கலுக்கு லீவு கிடைத்ததா, மஞ்சள் அறுவடைக்கு ஊரில் இருந்தீர்களா என்று கேட்டால் வந்துவிடும். பெருந்துறைப் பெரியவரின் மருத்துவமனைக் காலத்தை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

நான்காம் படி: சான்றுகளைத் திரட்டுங்கள்

டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் எடுங்கள், பென்ஷன் வாங்குபவராக இருந்தால் பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணையின் நகலும் வேண்டும். மருத்துவமனையில் இருந்தவர்கள் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சிலிப்பையும், உடல்நிலையை மதிப்பிடும் மெடிக்கல் போர்டு (மருத்துவர் குழு) நடந்திருந்தால் அதன் தாள்களையும் தேடுங்கள்.

வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியை நான் முக்கியமாகச் சொல்வேன். அக்காலத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டரின் கூப்பன், இன்லேண்டு கடிதம், திருமண வாழ்த்து ஆகியவற்றில் நம்பர், ரேங்க், யூனிட் பெயர், அதன் பின்னால் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவ அஞ்சல் நிலையம்) என்ற முகவரி, அஞ்சல் முத்திரையில் தேதி எல்லாம் இருக்கும். ஏபிஓ முகவரி ஊரின் பெயரைக் காட்டாது. ஆனால் இன்ன தேதியில் இன்ன யூனிட்டில் இருந்தார் என்பதை அது காட்டும், நமக்கு வேண்டியதும் அதுதான். உடன் பணியாற்றியவர் உயிரோடு இருந்தால், அவருடைய ராணுவ எண்ணோடு கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்றையும் வாங்குங்கள். அது துணைச் சான்றுதான், தனியாக நிற்காது.

பெயர் வேறுபாட்டையும் இப்போதே பாருங்கள். நம் பக்கத்தில் பழனிசாமி, பழனிச்சாமி, பழனியப்பன் என்று ஒருவருக்கே மூன்று ஏட்டில் மூன்று பெயர் இருப்பதும், ஒரு தாளில் கவுண்டர் சேர்ந்தும் மற்றொன்றில் சேராமலும் இருப்பதும், இனிஷியல் பெயருக்கு முன்னும் பின்னும் மாறுவதும் சாதாரணம். ராணுவ ஏட்டில் எந்த எழுத்துக்கூட்டல் உள்ளதோ அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: உரிய ரெக்கார்ட் ஆபீஸைக் கண்டறியுங்கள்

நீங்கள் சேர்ந்த ரெஜிமென்ட் அல்லது கோரின் (சிக்னல்ஸ், மெடிக்கல் போன்ற படைப்பிரிவு) ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும், டெல்லிக்கு எழுதினால் அது சுற்றி இங்கேதான் வரும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையேறினால் வரும் வெலிங்டனிலேயே ரெக்கார்ட் ஆபீஸ் உள்ளது. மெட்ராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் பிரிவான எம்இஜிக்குப் பெங்களூரு, ஆர்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரங்களையும் வாகனங்களையும் பழுதுபார்க்கும் இஎம்இக்குச் செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. முதலில் ஒரு கோரில் இருந்து ஓய்வுபெற்று, பிறகு டிஎஸ்சியில் (பாதுகாப்புத் துறை நிலையங்களைக் காவல் காக்கும் பிரிவு) சேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டும்: டிஎஸ்சியின் ரெக்கார்ட் ஆபீஸ் கண்ணூரில் உள்ளது, ஆனால் போர்க்காலப் பதிவு பழைய கோரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஆறாம் படி: விண்ணப்பத்தை எழுதுங்கள்

ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதன் உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

"ராணுவ எண், ரேங்க், பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி ஆகியவை மேலே தரப்பட்டுள்ளன. 1971 டிசம்பர் போரின்போது நான் இன்ன பட்டாலியனின் இன்ன கம்பெனியில், இன்ன செக்டாரில் பணியில் இருந்தேன். இன்ன தேதியில் காயமடைந்து இன்ன மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டேன். அங்கிருந்து இன்ன யூனிட்டுக்கு மாற்றப்பட்டேன். எனது டிஸ்சார்ஜ் புக்கில் பஸ்சிமி ஸ்டார் பதிவு செய்யப்படவில்லை. எனது ஷீட் ரோலையும் அக்காலப் பார்ட் டூ ஆர்டர்களையும் சரிபார்த்து, தகுதியிருப்பின் பதக்கத்தைப் பதிவு செய்து, டிஸ்சார்ஜ் புக்கிலும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன். இணைப்புகளின் பட்டியல் கீழே உள்ளது."

ஒன்றுக்கு மேற்பட்ட பதக்கங்கள் விடுபட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி எழுதுங்கள். "எனக்குரிய எல்லாப் பதக்கங்களும்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். கணவர் இறந்துவிட்டிருந்தால் மனைவி விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழின் நகலையும், குடும்ப பென்ஷன் பிபிஓ நகலையும் சேர்க்க வேண்டும்.

ஏழாம் படி: அனுப்புங்கள்

உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அவர்களுடைய பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதே நேரத்தில் நீங்களும் ஸ்பீட் போஸ்டில் நேரடியாக ஒரு பிரதி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல் டிஸ்சார்ஜ் புக்கை இப்போது அனுப்பாதீர்கள். ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்து மூலம் கேட்ட பிறகு, வண்ண நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பினால் போதும். அப்படிச் செய்யாமல் அசலைத் தொலைத்தவர் ஒருவருக்கு நகல் புத்தகம் வாங்க அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும்.

எட்டாம் படி: பதில் வராவிட்டால்

இரண்டு மாதம் கழித்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் தரைப்படைக்கு மனு அனுப்ப முடியும். அதில் "ஏன் பதக்கம் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டம் ஆவணங்களைத் தருவதற்கானது. உங்கள் ஷீட் ரோலின் சான்றிட்ட நகல், குறிப்பிட்ட மாதங்களில் உங்கள் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், உங்கள் விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பென்ஷன் இல்லாமல் சில ஆண்டுகளில் வெளிவந்தவர்களின் ஷீட் ரோல் 25 ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கக்கூடும். "ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் அதோடு நின்றுவிடாமல், லாங் ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் உள்ள பதிவின் நகலைக் கேளுங்கள். அதில் சுருக்கமான விவரம்தான் இருக்கும், என்றாலும் நீங்கள் பணியில் இருந்தீர்கள் என்பதற்கு அது ரெக்கார்ட் ஆபீஸின் சொந்தச் சான்று.

ஒன்பதாம் படி: பதிவு வந்ததும் சரிபாருங்கள்

டிஸ்சார்ஜ் புக் திரும்பி வந்ததும் பதக்கத்தின் பெயர், பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி, கையொப்பம், முத்திரை ஆகியவை உள்ளனவா என்று அன்றே பாருங்கள். பிழை இருந்தால் உடனே எழுதினால் எளிதில் திருத்துவார்கள்.

பெருந்துறைப் பெரியவருக்கு வந்த பதிலில் பஸ்சிமி ஸ்டார் பதிவு செய்யப்பட்டுவிட்டதாக எழுதியிருந்தது. காயத்துக்கான பதக்கத்துக்கு மட்டும் மருத்துவமனை ஆவணம் கேட்டிருக்கிறார்கள். அவருடைய மெடிக்கல் போர்டு தாளில் காயத்தின் விவரம் மங்கலாகத் தெரிகிறது. அதைப் பெரிதாக்கி நகலெடுத்து, பதில் கடிதத்தோடு இந்த வாரம் அனுப்புகிறோம்.