சைக்கிள் பிரேமில் கீறல் விழுந்தால் என்ன செய்வது?

டெல்டாவில் சைக்கிள் சும்மா நிற்பதில்லை. புல்லுக்கட்டு, பால் கேன், வாழைத்தார், உரமூட்டை எல்லாம் அதில்தான் போகும். பம்புசெட் கொட்டகைச் சுவரில் சாய்ப்போம், பள்ளிக்கூட ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்துவோம். பெயிண்டில் கீறல் விழத்தான் செய்யும். பெரும்பாலும் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமே, பிரேமின் பலம் குறையாது. ஆனால் இரும்பு தெரிகிற கீறலை நம் ஊர் ஈரத்தில் அப்படியே விடக் கூடாது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

முதலில் கழுவுங்கள்

வாய்க்கால் கரைச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும்போது துணியால் தேய்த்தால், அந்த மண்ணே புதுக் கீறல் போடும். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, ஷாம்பு தண்ணீரில் பனியன் துணியை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். கீறல் என்று நினைத்ததில் பாதி, சுவரில் ஒட்டிய சுண்ணாம்பாகவோ பக்கத்து சைக்கிளின் பெயிண்டாகவோ இருக்கும்.

நகத்தால் ஆழம் பாருங்கள்

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சோடு நின்ற கீறல். மாட்டினால் பெயிண்டுக்குள் இறங்கியிருக்கிறது. பளபளவென்றோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் உலோகம் வரை போய்விட்டது. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் இரும்பு. அலுமினியத்தில் ஒட்டாது, அதில் செந்துருவும் வராது, அவசரப்பட வேண்டியதில்லை. கார்பன் பிரேம் என்றால் உப்புத்தாள் போடவே வேண்டாம், விவரம் தெரிந்த கடையில் காட்டுங்கள்.

இன்னொன்று முக்கியம். குழாயும் குழாயும் சேரும் வெல்டிங் ஓரத்தில் மெல்லிய கோடு ஓடி, அதிலிருந்து துரு கசிந்தால், அது கீறல் இல்லாமல் விரிசலாக இருக்கலாம். சைக்கிள் கடையில் காட்டும் வரை ஓட்டாதீர்கள்.

மேலோட்டமான கீறல்

பெயிண்ட் கடையில் ரப்பிங் காம்பவுண்ட் என்று கேளுங்கள். பட்டாணி அளவு போதும். ஈரத்துணியில் எடுத்து, கீறலின் மேல் சின்ன வட்டமாகத் தேய்த்துச் சுத்தத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் மேல் படக் கூடாது, ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒட்டக் கூடாது. பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் காம்பவுண்டே வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் மினுங்கி, கீறலைவிட அதுதான் கண்ணில் படும்.

இரும்பு தெரியும் கீறல்

பொறுமை வேண்டியது இங்கேதான். கீறலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சின்னதாக மடித்து, துரு போகும் வரை கீறலுக்குள் மட்டும் தேயுங்கள். அப்புறம் 1000 நம்பரில் ஓரத்தை இழையுங்கள். நல்ல பெயிண்டுக்கும் இரும்புக்கும் நடுவில் விரலில் தட்டுகிற படி இருக்கக் கூடாது. அது இருந்தால் மேலே எவ்வளவு நன்றாக அடித்தாலும் தழும்பு தெரியும். பிறகு தின்னர் தொட்ட துணியால் லேசாக ஒரு துடைப்பு. துணி சொட்டச் சொட்ட இருந்தால் பக்கத்துப் பெயிண்டும் கரையும். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பெயிண்ட் பிடிக்காது.

உடனே ரெட் ஆக்சைடு பிரைமரை (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தீக்குச்சி முனையால் மெல்லியதாக வைத்து நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் நிறம். சைக்கிளுக்கென்று டச்சப் பெயிண்ட் எளிதில் கிடைக்காது. பைக்குக்கு விற்கும் டச்சப் பாட்டிலில் ஒத்த நிறம் தேடுங்கள், இல்லையென்றால் நெயில் பாலிஷே போதும், சின்னக் கீறலுக்கு அது நன்றாகவே உட்காரும். ஒரே தடவையில் தடிமனாக வைத்தால் வழியும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. பூச்சு சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை மேடாக வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து 2000 நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மேட்டைச் சமப்படுத்தி, காம்பவுண்டால் மெருகேற்றுங்கள்.

எப்போது செய்வது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் வேலை வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு வெளிறிப் பால் பூத்தது போலாகிவிடும். மார்கழி, தையில் பனி விலகி, பிரேம் நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள். கோடையில் நிழலில் வைத்துச் செய்யுங்கள், சுடுகிற இரும்பில் பூச்சு கொப்புளம் விடும். மழைக்காலத்திலேயே கீறல் விழுந்தால், துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் அதைச் சோப்புப் போட்டு முழுக்க எடுத்துவிட வேண்டும்.

ஹேண்டிலுக்குக் கீழே பிரேக் ஒயர் உரசி உரசி விழும் கீறலுக்கு மட்டும் பெயிண்ட் நிற்காது. பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஒயர் படும் இடத்தில் சுற்றிக் கட்டிவிடுங்கள். மழையில் நனைந்தால் அதைக் கழற்றி அடியில் துடைக்க வேண்டும், தண்ணீர் தங்கினால் அங்கேயே துரு பிடிக்கும்.