விண்வெளிப் பின்கள் சேகரிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

விண்வெளிப் பயணங்களின் நினைவாகச் சட்டையில் குத்தும் பின் ஒன்று கைக்கு வந்தால் முதலில் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் பொறித்திருக்கும் ஆண்டு நிகழ்ச்சி நடந்த ஆண்டுதான். அந்தப் பின்னைத் தயாரித்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. விண்வெளிக்கு முதலில் சென்ற ககாரினின் முகமும் 1961-ம் பொறித்த சோவியத் பேட்ஜுகள் பிந்தைய ஆண்டுகளிலும் பெருமளவில் வந்தன. தொழிற்சாலை முத்திரை, சிலவற்றில் கோப்பெக் என்ற சோவியத் சில்லறைக் காசுக் கணக்கில் விலை, எல்லாம் மறுபக்கத்தில்தான் இருக்கும். லேசான அலுமினியப் பேட்ஜ் அன்று சில்லறைக் காசுக்கு விற்றது. அதை அரிய பொருள் என்று நம்பிப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

பணம் அதிகம் போவது “விண்ணுக்குப் போய்வந்தது” என்ற சொல்லில். ஒரே வடிவப் பதக்கம், ஒன்று ராக்கெட்டில் போயிருக்கும், இன்னொன்று கடையில் விற்றிருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்போலோ 7 முதல் வீரர்கள் கொண்டுசென்ற, ராபின்ஸ் நிறுவனம் செய்த வெள்ளிப் பதக்கங்களில் வரிசை எண் உண்டு. அந்த எண்ணைப் பயணப் பதிவோடு ஒப்பிடலாம். அப்போலோ 14-இல் போன வெள்ளியில் ஒரு பகுதியை உருக்கி, வேறு வெள்ளியோடு கலந்து சிறு நாணயங்களாகவும் அடித்தார்கள். அவற்றை முழுமையாக நிலவுக்குப் போனவை என்று சொல்ல முடியாது. வீரரின் கையெழுத்துக் கடிதமோ ஏல நிறுவனத்தின் பழைய பதிவோ இல்லாமல் “போய்வந்தது” என்று யார் சொன்னாலும், சாதாரணப் பொருளின் விலைக்கு மேல் ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டாம். கையெழுத்திலும் கவனம் தேவை. அந்தக் காலத்தில் இயந்திரம் போட்ட கையெழுத்துகள் ஏராளம். இரண்டு படங்களில் ஆம்ஸ்ட்ராங்கின் கையெழுத்து இம்மி பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் பேனா பிடித்தது மனிதக் கையாக இருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்தது நம் ஊரின் ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்த பித்தளைப் பின் நாளடைவில் பச்சை படிந்து பிசுபிசுக்கும். ரப்பரும் கம்பளித் துணியும் கந்தகம் கசிந்து வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். கேமரா வைத்திருப்போர் பயன்படுத்தும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினட் அலமாரி ஒன்றில் 45 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தால் பின்னுக்கும் துணிப் பேட்சுக்கும் சேர்ந்தே பாதுகாப்பு. கறுத்த பதக்கத்தைத் தீபாவளிக்குக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் துலக்கிவிடாதீர்கள். பழமையின் படிவு போனால் மதிப்பும் போகும், திரும்ப வராது.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேருங்கள்.

அப்போலோ மட்டும்தான் சேகரிக்கத் தக்கது என்று நினைப்பதும் ஒரு தவறு. எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு உருவான எக்ஸ்-சாட் துணைக்கோள் 2011 ஏப்ரல் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறியது. 2015 டிசம்பரில் டெலியோஸ்-1 உட்பட ஆறு சிங்கப்பூர்த் துணைக்கோள்கள் அதே வழியில் போயின. அந்தப் பணிகளில் இருந்த பொறியாளர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். யாரிடமாவது அக்காலத்து அழைப்பிதழோ அனுமதி அட்டையோ இருந்தால், கேட்டு வாங்கும்போதே அது அவர் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தேதியுடன் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.