யாழ்ப்பாணத்துச் சாரதிக்கு கிரேக்கத்தின் தெற்கு வீதிகள்

கிரேக்கத்தில் வாகனம் வலப்பக்கமாக ஓடும். யாழ்ப்பாணத்தில் ஓடிப் பழகியவருக்கு அங்கே இதுதான் பெரிய சவால். பயணத்தையும் அதற்கேற்பவே திட்டமிடுங்கள்.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு, கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரமும் எடுங்கள். கார் பதியும்போது ஓட்டோ கியர் வேண்டுமென்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வலக்கையால் கியர் மாற்றும் கார்தான் பெரும்பாலும் கிடைக்கும். சிறிய காரே நல்லது. மலைக் கிராமங்களில் வீதி நம் ஒழுங்கை அளவுக்கு ஒடுங்கிவிடும்.

நம்மூர் ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். முதல் நாள் சிக்னலுக்குப் பதில் வைப்பர் ஆடும், அதனால் ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில். காரின் உடல் இப்போது உங்களுக்கு வலப்புறம் நீள்வதால், தெரியாமலே வலது ஓரத்துக்கு நகர்ந்து டயரைக் கல்லில் உரசுவீர்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகச் சேதம் பல காப்புறுதிகளில் அடங்காது. கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். சாரதி எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கவேண்டும் என்பதை மனதில் வையுங்கள். எதிரே வாகனமே இல்லாத காலையில், பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதுதான் பழைய பழக்கம் இடப்பக்கம் இழுக்கும். பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று சத்தமாகச் சொல்லட்டும். சுற்றுவட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கிய அன்று ஓடவேண்டாம், தூங்குங்கள். மறுநாள் ஏதென்ஸ் நகருக்குள் நுழையாமல் நெடுஞ்சாலையால் கொரிந்து போங்கள். 1893இல் திறந்த கால்வாயைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, இரவு நாஃப்பிலியோவில் தங்கலாம். அடுத்து திரிப்போலி வழியாகக் கலமாட்டா. அங்கிருந்து கார்தமிலி வழியே அரேயோப்போலிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான், ஆனால் முழுக்க வளைவு, அரைநாள் ஒதுக்குங்கள். பயணத்தின் உச்சம் இந்தக் கடலோரம்தான்.

யாழ் குடாநாட்டில் மேடு பள்ளம் இல்லாததால் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கத் தோன்றும். பிரேக் சூடாகி, கருகிய மணம் வந்து, பிடி தளரும். இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்குங்கள். ஓட்டோவில் கீழ் கியரைத் தெரிவுசெய்யுங்கள். பின்னால் லைட் அடித்தால் "வழி விடு" என்று அர்த்தம். நேர்ப்பாதையில் வலது ஓரம் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

அரேயோப்போலி இருக்கும் மானிக் குடாநாட்டின் தென்முனைக்குப் போகுமுன் அந்த ஊரிலேயே தாங்கியை நிரப்புங்கள். பெரும்பாலும் ஊழியரே அடித்துத் தருவார். டீசலா பெற்றோலா என்று மூடியில் பார்த்துச் சொல்லுங்கள்.