பில்டு கட்டளையில் கடவுச்சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், ஜாவா நிரல்களைத் தொகுத்துச் சோதிக்கும் கருவியான மேவனில் பில்டு (அந்தத் தொகுப்பு வேலை) ஓட்டிக்கொண்டிருந்தாள். கட்டளையின் கடைசியில் 'மைனஸ் டி' (-D, மேவனுக்கு ஒரு மதிப்பைக் கொடுக்கும் குறி) சேர்த்து, டேட்டாபேஸின் கடவுச்சொல்லை அப்படியே தட்டினாள். "இப்படிக் கொடுக்கக் கூடாதம்மா" என்றேன். "எந்தக் கோப்பிலும் எழுதவில்லையே அக்கா, ஒரு தடவை தட்டினேன், அவ்வளவுதானே" என்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை இன்னும் நினைவில் இருக்கிறது.

எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், திரையோரம் ஒட்டிய சீட்டு போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். கவனமாக வேலை செய்பவர்களே செய்துவிடும் தவறுகள்தான் என்னை எழுத வைத்தன.

கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லைக் கொடுப்பது

தட்டிய சொல் டெர்மினலோடு மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். அது மறைவதில்லை. முதலில் ஷெல்லின், அதாவது நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின், வரலாற்றுக் கோப்பில் போய் உட்காருகிறது. பேஷ் ஷெல், அமைப்பை மாற்றாவிட்டால், கடைசி 500 கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். அடுத்து, பில்டு ஓடும் நேரம் முழுவதும் அது இயங்கும் நிரல்களின் பட்டியலில் தெரிகிறது. லினக்ஸில் ஒருவர் ஓட்டும் நிரலின் முழுக் கட்டளை வரியையும், நிர்வாகி தடுத்து வைக்காவிட்டால், அதே சர்வரில் நுழைந்திருக்கும் யாரும் 'பிஎஸ்' கட்டளை போட்டுப் பார்க்கலாம். இருபது நிமிடம் ஓடும் பில்டு என்றால் இருபது நிமிடமும் பார்க்கலாம்.

இந்த இரண்டையும் அறிந்தவர்கள் பலர். மூன்றாவது இடம்தான் எங்களைக் கவிழ்த்தது. மேவனில் 'மைனஸ் டி' மூலம் கொடுக்கும் எதுவும் ஒரு பண்பாகச் (ப்ராபர்ட்டி) சேமிக்கப்படுகிறது. சோதனைகளை ஓட்டும் ஷுர்ஃபயர் செருகுநிரல் அந்தப் பண்புகளைச் சோதனைக்கான ஜாவா நிரலுக்குக் கடத்துகிறது. சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சோதனை வகுப்புக்கும் ஓர் எக்ஸ்எம்எல் அறிக்கை எழுதுகிறது. அந்த அறிக்கையின் தலைப்பகுதியில் அப்போதிருந்த எல்லாப் பண்புகளும், பெயரும் மதிப்புமாக, வரிசையாக இருக்கும். 200 சோதனை வகுப்புகள் இருந்தால் உங்கள் கடவுச்சொல்லுக்கு 200 பிரதிகள். எதுவும் மறைக்கப்பட்டிருக்காது.

அன்று நான் வேலை செய்த நிறுவனத்தில் ஒவ்வொரு வெளியீட்டோடும் சோதனை அறிக்கைகளைச் சுருக்கி வாடிக்கையாளருக்கு அனுப்புவது வழக்கம். ஐந்து மாதங்கள் அனுப்பினோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் டேட்டாபேஸின் கடவுச்சொல்லை எனக்கே வாசித்துக் காட்டினார். நல்ல மனிதர், அதனால் சொன்னார். அந்தக் கட்டளையை எழுதியவள் நான்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அதே சொல்லை ஒன்பது நிரல்கள் பயன்படுத்தின. இரண்டுக்கு அதை எங்கே வைத்திருக்கிறோம் என்றே யாருக்கும் தெரியவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் இரவு வரை ஆறு பேர் அலுவலகத்தில் இருந்தோம். அனுப்பிய கோப்புகளை அழிக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். அவர்கள் அழித்தார்களா என்பதை உறுதி செய்ய வழியே இல்லை. இன்றும் யாராவது 'மைனஸ் டி' போட்டுக் கடவுச்சொல் தட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஆளின் மேல் அல்ல. அதை எடுத்துக்காட்டாகப் போட்டுச் சொல்லித்தரும் பாடங்களின் மேல்.

மாற்று வழி கடினமானதல்ல. சூழல் மாறியில், அதாவது நிரல் ஓடும்போது ஷெல் அதற்குக் கொடுக்கும் பெயரிட்ட மதிப்பில், வையுங்கள். லினக்ஸில் ஒரு நிரலின் சூழல் மாறிகளை அதே பயனரும் நிர்வாகிக் கணக்கான ரூட்டும்தான் படிக்க முடியும். மதிப்பைத் தட்டும்போது 'ரீட்' கட்டளையை 'மைனஸ் எஸ்' சேர்த்துப் பயன்படுத்துங்கள். திரையிலும் தெரியாது, வரலாற்றிலும் பதியாது. மேவனின் செட்டிங்ஸ் கோப்பு சூழல் மாறியை நேரடியாக எடுத்துக்கொள்ளும். சோதனை நிரலிலும் கடவுச்சொல்லைப் பண்பாகக் கேட்காமல் சூழல் மாறியாகக் கேளுங்கள்.

கட்டளைக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் வரலாற்றில் பதியாது என்று சிலர் சொல்வார்கள். அமைப்பு அப்படி இருந்தால் உண்மைதான். அது வரலாற்றுக் கோப்பை மட்டும் காக்கும். பிஎஸ் பட்டியலையும் அறிக்கையையும் காக்காது.

பாம் கோப்பில் எழுதுவது

பாம் (pom.xml) என்பது மேவன் திட்டத்தின் விவரக் கோப்பு. அதில் கடவுச்சொல்லை எழுதாதீர்கள். உங்கள் நூலகத்தை வெளியிடும்போது அந்தக் கோப்பும் உடன் போகிறது.

குறியாக்கம் செய்துவிட்டோம் என்று நிம்மதியடைவது

மேவனில் கடவுச்சொற்களைக் குறியாக்கம் செய்யும் வசதி 2.1.0 பதிப்பில் வந்தது. ஒரு தலைமைக் கடவுச்சொல்லை உருவாக்கித் தனிக் கோப்பில் வைக்கிறோம். மற்றவை அதைக் கொண்டு குறியாக்கம் செய்யப்படுகின்றன. ஆனால் அந்தத் தலைமைக் கடவுச்சொல்லைப் பூட்டும் சாவி மேவனின் மூலநிரலிலேயே இருக்கும் ஒரு மாறாத சொல். இரண்டு கோப்புகளும் ஒருவர் கையில் கிடைத்தால் திறந்துவிடலாம். பூட்டைப் போட்டுச் சாவியை வாசற்படிக்கு அடியில் வைப்பது போலத்தான் இது. தலைமைக் கோப்பை யுஎஸ்பியில் வைத்து அதன் இடத்தை மட்டும் சுட்டிக்காட்ட மேவனில் வழி இருக்கிறது. மடிக்கணினிக்கு அது நன்று. பில்டு சர்வரில் கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள். உரிமையாளரையும் ரூட்டையும் தவிர யாரும் படிக்க முடியாது.

டாக்கரில் போட்டு அழிப்பது

டாக்கர், நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே படிமமாகக் கட்டித் தரும் கருவி. அதன் செய்முறைக் கோப்பில் கடவுச்சொல் கோப்பை ஒரு வரியில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் அடுத்த வரியில் அழிப்பார்கள். அழிவதில்லை. ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்கு. மேல் அடுக்கு மறைக்கிறது, கீழ் அடுக்கில் கோப்பு அப்படியே இருக்கிறது. கடவுச்சொல்லைப் பில்டு வாதமாகக் (build-arg) கொடுத்தாலும் படிமத்தின் வரலாற்றைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021இல் கோட்கவ் (சோதனைகள் நிரலில் எவ்வளவைத் தொட்டன என்று அளக்கும் சேவை) நிறுவனத்தில் நடந்த விவகாரம் சாட்சி. டாக்கர் படிமத்தை உருவாக்கியதில் நேர்ந்த பிழையால் உள்நுழையும் உரிமை தரும் ஒரு நற்சான்று வெளியே போனது. அதைக் கொண்டு ஊடுருவியவர்கள் அந்நிறுவனத்தின் பேஷ் நிரலை மாற்றினார்கள். ஜனவரி 31 முதல் அந்த நிரல் வாடிக்கையாளர்களின் பில்டு சர்வர்களில் ஓடி, அங்கிருந்த சூழல் மாறிகளை வெளியே அனுப்பியது. ஏப்ரல் 1 அன்றுதான் நிறுவனத்துக்குத் தெரிந்தது. பதிவிறக்கிய நிரலின் ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்தவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கவனித்துச் சொன்னார். சூழல் மாறியை நான் மேலே பரிந்துரைத்தேன். அந்த பில்டுக்குத் தேவையானதை மட்டும் அதில் வையுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாக்கரில் சரியான வழி, அதன் பில்டு இயந்திரமான பில்ட்கிட்டின் ரகசிய ஏற்றம். அந்த ஒரு வரி ஓடும்போது மட்டும் கோப்பு தெரியும், அடுக்கில் பதியாது. டாக்கரில் உள்நுழையும்போதும் கடவுச்சொல்லைக் கட்டளையில் கொடுக்காமல் உள்ளீடு வழியாகச் செலுத்துங்கள்.

ஜென்கின்ஸ் மறைத்துவிடும் என்று நம்புவது

ஜென்கின்ஸ், பில்டுகளைத் தானாக ஓட்டும் கருவி. லாக்கில், அதாவது ஓட்டப் பதிவில், அது அடையாளம் காணும் வடிவில் கடவுச்சொல் வந்தால்தான் நட்சத்திரக் குறி போடும். வேறு வடிவத்துக்கு மாறி வந்தால் விட்டுவிடக்கூடும். கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோளில், ஜென்கின்ஸ் ஸ்கிரிப்ட் மொழியான குரூவி முதலிலேயே மதிப்பைச் செருகிவிடுவதால் அது மீண்டும் பிஎஸ் பட்டியலுக்கு வந்து சேரும்.

கிட்டிலிருந்து நீக்கிவிட்டு அமைதியாக இருப்பது

கிட், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் கருவி. கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்து நீக்கினாலும் முந்தைய கமிட்டில் (சேமித்த பதிவில்) அது இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை இப்போதே மாற்றுங்கள். வரலாற்றைத் துடைக்கும் வேலை நாளைக்கு இருக்கட்டும்.