ஆஸ்கர் மீன் கெஞ்சுகிறதா? கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்

சென்னை வில்லிவாக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் நாலடித் தொட்டி, அதில் ஒரே ஒரு டைகர் ஆஸ்கர். பெயர் இன்ஸ்பெக்டர். யார் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடியோரம் வந்து நின்று ஏற இறங்கப் பார்ப்பான், அதனால் வைத்த பெயர். ஆறு வருடத்துக்கு முன் கொளத்தூரில் வாங்கும்போது என் கட்டைவிரல் நீளம் இருந்தான். இப்போது ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 28 சென்டிமீட்டர்.

ஆஸ்கர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "என்ன போடலாம்?" என்றுதான். "எவ்வளவு போடலாம்?" என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை ஆஸ்கர் பட்டினியால் செத்ததில்லை. தின்று செத்தவைதான் அதிகம்.

காரணம் அதன் முகம். ஆஸ்கருக்கு ஆள் அடையாளம் தெரியும். தீனி டப்பாவை எடுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்து தண்ணீரைத் தெறிக்கவிடும். இப்போதுதான் சாப்பிட்டிருக்கும், ஆனாலும் மூன்று நாள் கொலைப்பட்டினி மாதிரி நிற்கும். அமேசான் ஆற்றில் அடுத்த வேளை கிடைக்குமா என்று தெரியாமல் வாழ்ந்த சாதி அது. கிடைக்கும்போது விழுங்கிவிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. தொட்டியிலோ தினமும் கிடைக்கிறது. நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கும் இது புரியவில்லை. நான் போடுவது போக, வாடிக்கையாளர்களும் போட்டார்கள். ஆதார் நகல் எடுக்க வந்தவர் பிஸ்கெட், பக்கத்துக் கடைப் பையன் போண்டாத் துணுக்கு. ஒரு வாரம் வயிறு உப்பி, தரையோடு சாய்ந்து கிடந்தான். அந்த வாரம் ஒரு பேப்பரில் "இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டார்" என்று அடித்து, லேமினேட் செய்து, தொட்டி மேல் ஒட்டினேன். இன்றைக்கும் இருக்கிறது.

சரி, அளவு. கூரியர் எடை போட வைத்திருக்கும் தராசில்தான் கணக்கைக் கண்டுபிடித்தேன். ஒரு கிராமைத் தனியாகக் காட்டாத தராசு. அதனால் பெல்லட் எனப்படும் உருண்டைத் தீனியில் பெரிய குண்டு ஐம்பதை எண்ணி வைத்தேன். பத்து கிராம் காட்டியது. அப்படியானால் கிராமுக்கு ஐந்து. இன்ஸ்பெக்டர் அரைக்கிலோ சொச்சம் இருப்பான். வளர்ந்த மீனுக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு தீனியே தாராளம். நான் அதையும் குறைத்து நாலு கிராம், அதாவது இருபது குண்டு போடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரே வேளை, காலை பத்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை கடையும் லீவு, அவனுக்கும் லீவு. "இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவு போடு" என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு மற்ற மீனுக்குச் சரி. ஆஸ்கர் இரண்டு நிமிடத்தில் டப்பாவையே காலி செய்யும். எண்ணிப் போடுங்கள்.

குஞ்சுக்கு இது பொருந்தாது. முதல் வருடம் மாதம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளரும் மீன் அது. ஏழெட்டு சென்டிமீட்டர் வரை சின்னக் குண்டாக நாளைக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. அதைத் தாண்டியதும் இரண்டு வேளை. ஒரு வருடம் தாண்டினால் ஒன்று போதும். வயிற்றை மேலிருந்து பாருங்கள். லேசாக உருண்டிருந்தால் சரி. இரண்டு பக்கமும் பிதுங்கினால் மறுநாள் போட வேண்டாம். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தால் மட்டும் கூட்டலாம்.

இனி என்ன போடுவது. முக்கால்வாசி பெல்லட்டாக இருக்கட்டும். ஆஸ்கர் சிக்லிட் குடும்பத்து மீன், அதனால் சிக்லிட்டுக்கென்று விற்பதை வாங்குங்கள். பாக்கெட்டின் பின்னால் மூலப்பொருளில் முதலில் மீன்தூள் இருக்க வேண்டும். புரதம் நூற்றுக்கு நாற்பதாவது இருக்க வேண்டும். கோதுமையும் சோயாவும் முதலில் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். லூஸில் அளந்து கவரில் கட்டித் தரும் தீனி மலிவுதான். ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் முதலில் போவது வைட்டமின் சி. மனிதனைப் போலவே பெரும்பாலான மீன்களுக்கும் அதை உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியில்தான் வர வேண்டும். ஒரு கிலோ பை விலை குறைவு என்று ஒற்றை மீனுக்கு வாங்கி வருடக்கணக்கில் போடாதீர்கள். சின்னப் பாக்கெட் வாங்கி, இறுக்கமான டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

தலையிலும் உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோட்டிலும் ஊசி குத்தியதுபோல் குழி விழும் நோய் ஆஸ்கருக்கு அடிக்கடி வரும். சத்துக் குறைவு, அழுக்குத் தண்ணீர், குடலில் ஒட்டுண்ணி என்று அதற்குப் பல காரணம் சொல்வார்கள். முதல் இரண்டும் நம் கையில் இருப்பவை.

பெல்லட் தின்பதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். லபக்கென்று வாங்கி, வாயை அசைத்துக்கொண்டே பின்னால் நகர்வான். செவுள் வழியாகத் தூள் புகைபோல வெளியே வரும். தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, அரைப்பது அங்கே. அந்தத் தூள்தான் தரையில் படிந்து தண்ணீரைக் கெடுக்கிறது. சாப்பிட்டு அரைமணி கழித்து ஒரு சின்ன டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவேன்.

வாரத்தில் இரண்டு நாள் பெல்லட்டுக்குப் பதில் வேறு ஏதாவது. அவனுக்குப் பிடித்தது மண்புழு. மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்கி, கழுவி, ஈரத்துணியில் சுற்றி ஒரு நாள் வைத்தால் வயிற்றிலிருக்கும் மண்ணை வெளியேற்றிவிடும். உரக்குழியில் கிடைக்கும் மஞ்சள் வரி போட்ட சின்னச் சிவப்புப் புழுவைத் தொட்டால் நாற்றமடிக்கும் மஞ்சள் நீர் கசியும். இன்ஸ்பெக்டர் அதை வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிட்டுக் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தான்.

இறால் வாங்கினால் உப்போ மசாலாவோ படாத பச்சை இறாலாக, ஓட்டோடு நறுக்கிப் போடலாம். ஓடு நார்ச்சத்து மாதிரி வேலை செய்யும். கிழங்கான் போல கொழுப்பில்லாத மீன் வீட்டில் வாங்கும் அன்றைக்கு முள்ளில்லாத சதையில் இரண்டு துண்டு அவனுக்கு. வெட்டுக்கிளியும் நல்ல தீனிதான், மருந்தடிக்காத இடத்தில் பிடித்ததென்றால். கரப்பான்பூச்சி வேண்டவே வேண்டாம். நம் வீட்டுக் கரப்பான் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ!

மாட்டு இதயம், கோழி ஈரல் போட்டால் சீக்கிரம் வளரும் என்பார்கள். வளரும்தான். ஆனால் கறிக்கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது, ஈரலில் போய்ப் படியும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் மிதக்கும்.

உயிர் மீன் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே செய்த தப்பு. ஒரு கடையில் மலிவாகக் குட்டி கோல்டுஃபிஷ் இருபது வாங்கிவந்து நேராகத் தொட்டியில் விட்டேன். கடையில் கூட்டம் கூடியது, ஆளாளுக்கு வீடியோ எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டரின் துடுப்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி. ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றி, மருந்து ஊற்றி, தினம் தண்ணீர் மாற்றி, இரண்டு வாரம் நான் கடையைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தேன். நோய் வராவிட்டாலும் கோல்டுஃபிஷ் நல்ல தீனி இல்லை. கெண்டைக் குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற பொருள் இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், ஃபிரீசரில் வைத்தாலும் போகாது. இரை துரத்துவதைப் பார்க்க ஆசையாக இருந்தால் நீங்களே தனித் தொட்டியில் கப்பி என்ற குட்டி மீனை வளர்த்து, எப்போதாவது இரண்டு போடுங்கள்.

பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து மாதம் இரண்டு முறை கொடுக்கிறேன். மலம் சரியாகப் போகும். தனியாகப் போட்டால் துப்புகிறான். கீறிய இறாலுக்குள் திணித்துக் கொடுத்தால் தெரியாமல் விழுங்கிவிடுகிறான். வயிறு உப்பி மலம் போகாமல் நின்றுவிட்டால் இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி, 40 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றலாம். சமையல் உப்பு அல்ல, மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும் மெக்னீசியம் சல்ஃபேட்.

தீனிக்கும் தண்ணீருக்கும் நேர்க் கணக்கு உண்டு. தின்ற புரதம் அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்குத்தான் வருகிறது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்காவது மாற்றுங்கள், குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் எடுத்த பிறகு. கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும். அப்போது தீனி போடவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்பை மட்டும் ஓடவிட்டு, நான்காம் நாள் கரண்ட் வந்து ஃபில்டர் ஓடிய பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மார்கழி, தை மாதத்தில் தண்ணீர் குளிர்ந்து சாப்பாடு குறையும். பயந்துபோய் விதவிதமாகக் கொட்டாதீர்கள். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே போகாமல் ஹீட்டர் வையுங்கள். தொட்டிக்குள் கல்லை நகர்த்தி வைத்தாலும் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் மூலையில் படுப்பான், அதுவும் ஆஸ்கருக்கு வழக்கம்தான்.

ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும். போன பொங்கலுக்குத் திருநெல்வேலி போனபோது கடைச்சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தீனி டப்பாவை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போனேன். "பாவம் அண்ணே, என்னையே பார்க்குது" என்று மூன்று முறை போன் செய்தார்.